மொழியா குற்றவாளி?

சில காலத்திற்கு முன், நம் நகரத் தமிழ்ச் சங்கங்களுள் ஒன்றன் திங்கட் கூட்டத்தில், உலக நாடகங்களைப் பற்றி ஓர் அன்பர் உரையாற்றினார். நெடிது பயின்றவர்; நாவன்மை மிக்கவர். தென்னாப்பிரிக்காவைத் தொட்டதும் ஒரே மூச்சில் தீர்ப்பளித்துவிட்டார்: “அந்நாட்டில் ஆப்பிரிக்கான்ஸ் அடக்கியவர் மொழி, ஆங்கிலம் அடங்க மறுத்தவர் மொழி. முன்னதன் நாடகங்கள் ஆட்சிக்குப் பல்லக்குத் தூக்கின; பின்னதன் நாடகங்களே சிறைக் கதவைத் தகர்த்தன.” அவை கைதட்டிற்று. யாமும் தட்டினோம் என்பதை ஒளிப்பானேன்? வீடு திரும்பும் பேருந்தில் அமர்ந்தபோதுதான் தட்டிய கை உறுத்தலாயிற்று.

யாம் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி பார்த்து வயிறு வளர்க்கிறோம். கோப்பைப் புரட்டாமல் குறிப்பெழுதலாகாது என்பது எம் தொழிலின் பால பாடம். அன்பர் எழுதிய குறிப்பு அழகிய குறிப்பு. ஆனால் அவர் கோப்பைப் புரட்டவில்லை. புரட்டிப் பார்ப்போர்க்கு வேறோர் உண்மை புலனாகும். தென்னாப்பிரிக்க நாடக மேடையில் குற்றக் கூண்டில் ஏற்றப்பட வேண்டியது மேடை மேல் பேசப்பட்ட மொழி அன்று. அரங்கின் வாயிலில் நின்று, ‘நீ உள்ளே வா, நீ வெளியே நில்’ என்று பிரித்த கையே. அக்கை இரு மொழியும் அறிந்த கை. அதைத் தட்டிவிட்ட கைகளும் இரு மொழியிலும் உண்டு. இதனை நிறுவுவதே எம் நோக்கம்.

எங்கோ கிடக்கும் நாட்டின் மேடைக் கதை பிழைப்புக்காக வடபுலம் வந்த நமக்கு எதற்கு எனின், அதற்கும் விடை இறுதியில் உண்டு. இப்போதைக்குக் கோப்பைத் திறப்போம்.

அடுக்களையில் பிறந்த மொழி

ஆப்பிரிக்கான்ஸ் வெள்ளையர் தம் மாளிகைக் கூடத்தில் பெற்றெடுத்த மொழி என்பது முதற்பிழை. 1652-இல் டச்சுக் கம்பெனியார் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். அவர்கள் பேசிய டச்சு, கோய்கோய் மக்கள் வாயிலும், கடல் கடந்து கொணரப்பட்ட அடிமைகள் வாயிலும் உருண்டு உருண்டு வேறொரு மொழியாயிற்று. அவ்வடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும், கிழக்காப்பிரிக்காவிலிருந்தும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்கத்திலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாழ்ந்த அதே கம்பெனிதான் இது. இன்றும் ஆப்பிரிக்கான்ஸில் படுக்கைக் கட்டிலுக்குக் ‘காட்டல்’ என்று ஒரு சொல் உண்டு. போர்த்துக்கேசியர் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்த நம் ‘கட்டில்’தான் அது.

19-ஆம் நூற்றாண்டில் கேப் நகரத்து இசுலாமியப் பள்ளிகளில் இம்மொழியை அரபு எழுத்தில் எழுதிப் படித்தனர். ஆங்கிலேயரும், டச்சு கற்ற மேன்மக்களும் இதனை ‘அடுக்களை மொழி’ என்று இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. அடுக்களையில் வெந்தவர்கள், ஆயாக்கள், மாடு மேய்த்தோர் ஆகியோரே அதன் தாய்மார். 1875-இல் பார்ல் என்னும் ஊரில் வெள்ளைக் கற்றோர் சிலர் சங்கம் கூட்டி ‘இது எம் மொழி’ என்று உரிமை கொண்டாடினர். அச்சங்கத்தின் தலைமகனாகிய எஸ்.ஜே. து துவா என்பவரே, அந்நூற்றாண்டின் இறுதியில் ‘மக்ரீட்டா பிரின்ஸ்லூ’ என்னும் நாடகத்தை எழுதினார். ஆப்பிரிக்கான்ஸில் முதல் நாடகம் என்று அதனையே சுட்டுவர். மொழியைப் பெற்றவள் அடுக்களையில் நிற்க, வளர்த்தவர் கூடத்தில் அமர்ந்து பட்டா எழுதிக்கொண்ட கதை இது. அப்பட்டாவை நம்பி மொழியையே குற்றவாளி என்பது, பறிகொடுத்தவளையும் பறித்தவனோடு சேர்த்துச் சிறையிலிடுவது போலாம்.

1899 முதல் 1902 வரை நடந்த போரில் வென்ற ஆங்கிலேயர், மில்னர் பிரபுவின் தலைமையில் பள்ளிகளை ஆங்கிலமயமாக்க முற்பட்டதும் வரலாறு. அன்று அடக்கிய மொழி எது, அடங்க மறுத்த மொழி எது? 1925-இல்தான் ஆப்பிரிக்கான்ஸ் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. அவ்வாண்டுகளில்தான் பால் தெ குரூட், ஹெண்ட்ரிக் ஹானெக்கோம், ஆந்திரே ஹியூகனெட் முதலியோரின் குழுக்கள், நம் நாட்டு நாடகக் கம்பெனிகள் படுதாவும் பெட்டியுமாக ஊர்ஊராகச் சென்றாற்போல, சிற்றூர்களின் நகரமண்டபங்களைத் தேடிச் சென்று ஆப்பிரிக்கான்ஸ் நாடகம் நடத்தின. 1947-இல் ஹியூகனெட் ஹாம்லெட்டாக ஆப்பிரிக்கான்ஸ் பேசி நடித்தபோது, ‘அடுக்களை மொழியில் ஷேக்ஸ்பியரா?’ என்ற ஏளனத்திற்கு விடை கிடைத்தது. தாழ்த்தப்பட்ட மொழி தலைநிமிர்ந்த கதை என்று நாமும் கைதட்டலாம். ஆனால் தலைநிமிர்ந்த மறுகணமே அது வாயிலில் காவல் வைத்தது. அங்கேதான் குற்றம் தொடங்குகிறது.

ஆங்கில மேடையின் ‘தூய்மை’

இனி, அன்பர் புகழ்ந்த ஆங்கில மேடையைக் காண்போம். கேப் நகரத்தில் 1801-இல் ‘ஆப்பிரிக்க நாடகசாலை’ திறக்கப்பட்டது. கட்டியது ஆங்கில ஆளுநர் ஆட்சி. முதலில் ஆடப்பட்டது ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’. மேடையில் மன்னர் வீழ்ச்சியும் எழுச்சியும் ஆடப்பட்ட அந்நாளில், வெளியே தெருவில் அடிமைகள் விலைக்கு விற்கப்பட்டனர். பின்னர் அக்கட்டடம் நாடகத்தை இழந்து, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிபாட்டிற்குரிய தேவாலயமாயிற்று. புனித ஸ்தேவான் ஆலயம் என்னும் பெயரோடு அது இன்றும் நிற்கிறது. நாடகசாலையாக இருந்த நாளில் எவருக்கு இடமில்லையோ, நாடகம் ஒழிந்த பின் அவருக்கே அது இடமாயிற்று. இதனினும் கூரிய அங்கதம் எந்த நாடகாசிரியருக்கும் தோன்றாது.

1838-இல் கிரஹாம்ஸ்டவுன் நகரில், ஆண்ட்ரூ கெட்டஸ் பெயின் என்னும் ஸ்காட்லாந்துக் குடியேறி எழுதிய ‘காட்யே கெக்கல்பெக்’ என்னும் சிறு நாடகம் ஆடப்பட்டது. அதன் தலைவி கோய்கோய்ப் பெண்ணொருத்தி. ஆங்கிலமும் அடுக்களை டச்சும் கலந்து அவள் பேசுகிறாள், பாடுகிறாள், குடிக்கிறாள். குடியேறிய வெள்ளையர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். ஏழையின் பேச்சை மேடையேற்றியதால் அவளுக்குக் குரல் கிடைத்ததா? இல்லை, சிரிப்புக்கு ஒரு பொருள் கிடைத்தது. காட்யேயைப் பெற்றவர் வெளியே நிற்க, காட்யேயைக் கண்டு சிரித்தவர் உள்ளே அமர்ந்தனர். இந்தக் காட்சியை வாசகர் நினைவில் இருத்துக, மீண்டும் வருவோம்.

நேட்டால் ஆங்கிலேயரின் குடியேற்றம். 1860 நவம்பர் 16-இல் ‘துரூரோ’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று இறங்கியது அங்கேதான். ஒப்பந்தம் முடிந்து தங்கியவர் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டுமென 1895-இல் சட்டம் இயற்றியதும் ஆங்கிலம் பேசிய சட்டமன்றமே. ஆங்கிலம் அங்கே விடுதலையின் மொழியாக மட்டும் பிறந்தது என்போர் கரும்புத் தோட்டத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.

ஒரே மானியம், ஒரே வாயில்

1947-இல் ஸ்மட்ஸ் ஆட்சிக் காலத்தில் தேசிய நாடக அமைப்பு நிறுவப்பட்டது. அரசு மானியம் பெற்ற அவ்வமைப்பு, ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ் ஆகிய இரு மொழிகளிலும் நாடகம் நடத்திற்று. 1960-களின் தொடக்கத்தில் அது கலைக்கப்பட்டு, மாநிலத்திற்கு ஒன்றாக நான்கு கலைக்கழகங்கள் எழுந்தன. அவையும் இரு மொழியினவே. பெருமானியம், பேரரங்கம், சம்பளம் பெறும் நடிகர் குழு என யாவும் இரு மொழி மேடைக்கும் கிடைத்தன. இரு மொழி மேடைக்கும் ஒரே நிபந்தனை: கருப்பர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோர்க்கு அவ்வாயில் திறவாது. 1965-இல் வந்த அரசாணை, பல இனத்தார் கூடி நடிப்பதையும் கூடியிருந்து காண்பதையும் இசைவாணையின்றிச் செய்யலாகாது என முடக்கியது.

ஆங்கில மேடை மாசற்றது எனின், 1963-இல் பிரித்தானிய நாடகாசிரியர் பலர், இன வேறுபாடு காட்டும் அரங்குகளில் தம் நாடகங்களை ஆட விடோம் என்று கூட்டாக அறிவிக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? அவர்கள் தடுத்தது ஆப்பிரிக்கான்ஸ் நாடகங்களையா? தாம் எழுதிய ஆங்கில நாடகங்களையே! ஆங்கில மேடையின் மீது ஆங்கில எழுத்தாளரே எழுதிய குற்றப் பத்திரிகை அது. அன்பர் அதனைப் படித்தாரில்லை.

1971-இல் கேப் நகரத்தில் நிக்கோ மலான் அரங்கம் பெரும் பொருட்செலவில் திறக்கப்பட்டது. அந்நகரில் ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகப் பேசுவோரில் பெரும்பகுதியினர் கலப்பினத்தார். அவர்களுக்கு அங்கே நுழைவில்லை. எதிர்ப்புகள் எழுந்து, 1975-இல்தான் எல்லார்க்கும் கதவு திறந்தது. 2001-இல் ‘ஆர்ட்ஸ்கேப்’ எனப் பெயர் மாறி இன்றும் நிற்கிறது. மொழிக்கு மாளிகை எழுப்பி, மொழி பேசுவோரை வாயிலில் நிறுத்தினர். அம்மாளிகையை மொழியின் வளர்ச்சி என்று மலர் வெளியிட்டும் மகிழ்ந்திருப்பர்!

உள்ளிருந்து எழுந்த குரல்

ஆப்பிரிக்கான்ஸ் மேடை முழுதும் ஆட்சிக்குப் பல்லக்குத் தூக்கியதா? 1966-இல் குடியரசின் ஐந்தாம் ஆண்டு விழாவிற்கென்று, அம்மொழியின் தலைசிறந்த கவிஞராகிய வான் வைக் லோ ஒரு நாடகம் எழுதித் தந்தார். பொருள், ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போர். வீரர் புகழ் பாடுவார் என எதிர்பார்த்தனர். அவரோ வீரரோடு, தளர்ந்தவரையும், பகைவர்பால் சேர்ந்தவரையும் மேடையேற்றி, ஓர் இனம் என்பது என்ன என்று வினவினார். தலைமை அமைச்சர் பெர்வூர்ட் விழா உரையிலேயே அதனைக் குறை கூறினார். தம் இனத்தின் பெருங்கவிஞர், தம் இனத்தின் விழாவில், தம் இனத்தின் தலைவரால் கண்டிக்கப்பட்டார். பல்லக்குத் தூக்கியவர்க்குக் கிடைக்கும் பரிசு இதுவன்று.

ஆடம் ஸ்மாலை எடுத்துக்கொள்வோம். கலப்பினத்தார் என வகைப்படுத்தப்பட்டவர், மெய்யியல் பேராசிரியர். 1965-இல் அவர் வெளியிட்ட நாடகம், கன்னா என்பவன் வீடு திரும்புவதைப் பற்றியது. ஏழைத் தாய் மக்கீட் அவனை வளர்த்தெடுக்கிறாள். குடும்பம் முழுதும் அவன் படிப்பில் நம்பிக்கை வைக்கிறது. அவன் கடல் கடந்து சென்று பொறியாளனாகிறான். அவள் இறந்த பின்னர்தான் வருகிறான். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்முள் எவர் இக்கதையை உலர்ந்த கண்ணோடு படித்தல் கூடும்? தந்தி வந்த பின் இரயிலேறி, முகம் காணாமல் திரும்பியவர் நம்மில் எத்தனை பேர்!

அந்நாடகத்தின் மொழி பள்ளிக்கூட ஆப்பிரிக்கான்ஸ் அன்று. கேப் நகரத்துச் சேரிகளில் ஏழைகள் பேசும், ஆங்கிலம் விரவிய ஆப்பிரிக்கான்ஸ். தூய்மைவாதிகள் முகம் சுளித்த பேச்சு. காட்யேயின் பேத்தி பேசும் பேச்சு. 1838-இல் சிரிப்புக்குரியதாக இருந்த அதே நா, இம்முறை அழவும் வினவவும் மேடையேறிற்று. ஆயினும் 1970-களில் அரசுக் கலைக்கழக மேடையில் அது ஆடப்பட்டபோது கலப்பின மாந்தராக நடித்தவர் வெள்ளை நடிகர். கதை அவர்களுடையது, மொழி அவர்களுடையது, எழுதியவர் அவர்களுள் ஒருவர்; மேடை மட்டும் அவர்களுடையதன்று. அம்மொழியின் மிக உயர்ந்த இலக்கியப் பரிசாகிய ஹெர்ட்ஸோக் பரிசு ஸ்மாலுக்கு 2012-இல்தான் வழங்கப்பட்டது. நூல் வந்து 47 ஆண்டுகள்! அதற்கும் வழக்கமான விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது. 2016-இல் அவர் மறைந்தார்.

இக்காலத்திலேயே பீட்டர்-டிர்க் ஆய்ஸ் என்பார் இரு மொழியும் கலந்து எழுதிய நாடகங்கள் தணிக்கையாளர் கையில் சிக்கித் தடையுண்டன. 1981 முதல் அவர் தனியொருவராக மேடையேறி, ஆப்பிரிக்கானர் சீமாட்டியாகப் பெண் வேடம் பூண்டு, ஆட்சியாளரை அவர்தம் மொழியிலேயே எள்ளி நகையாடினார். ஆள்வோர் மொழியில் ஆள்வோரை நகைத்தல் எத்துணை வலிய படைக்கலம் என்பதை நாடு கண்டது.

வாயிலைத் திறந்த மேடைகள்

ஆங்கில மேடையில் போராடியவர் இலர் என்று யாம் கூறவில்லை. கூறினால் யாமும் கோப்பைப் புரட்டாதவராவோம். 1959-இல் ‘கிங் காங்’ என்னும் இசை நாடகம் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழக மண்டபத்தில் ஆடப்பட்டது. பல இனத்தாரும் கூடியிருந்து காண அங்கேதான் இயன்றது. அத்தோல் ஃபுகார்டு ஜோகன்னஸ்பர்கில் கருப்பினத்தார்க்கான வழக்குமன்றம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். அடையாளப் புத்தகத்தில் முத்திரை இல்லாத குற்றத்திற்காக மனிதர் ஒருவர்பின் ஒருவராகச் சிறை செல்வதை அம்மேசையிலிருந்து கண்டார். எழுத்தர் குலத்திலும் கண் திறந்தவர் உண்டு என்பதில் எமக்குச் சிறு பெருமிதம். 1961-இல் அவரும் கருப்பின நடிகர் சேக்ஸ் மொகாயேவும் அண்ணன் தம்பியாக ஒரே மேடையில் நின்ற ‘குருதி முடிச்சு’ அந்நாட்டை உலுக்கிற்று.

1972-இல் கேப் நகரத்தில் ‘ஸ்பேஸ்’ அரங்கம் திறந்தது. அவ்வாண்டே அங்கே ஜான் கானியும் வின்ஸ்டன் இன்ச்சோனாவும் ஃபுகார்டோடு சேர்ந்து உருவாக்கிய ‘சிஸ்வே பான்சி இறந்தான்’ அரங்கேறியது. செத்தவன் ஒருவனின் அடையாளப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தன் பெயரைக் கொன்று, உயிர் பிழைக்கும் தொழிலாளியின் கதை. 1975-இல் அவ்விருவர்க்கும் நியூயார்க்கில் சிறந்த நடிகர்க்கான டோனி விருது கூட்டாக வழங்கப்பட்டது. 1976-இல் ஜோகன்னஸ்பர்கில், 1913-இல் கட்டப்பட்ட பழைய இந்தியப் பழச்சந்தையைப் பார்னி சைமன், மானி மனிம் ஆகியோர் அரங்கமாக்கினர். ‘மார்க்கெட்’ அரங்கம் என்று உலகம் அறிந்தது அதுவே. அங்கே 1987-இல் ஜான் கானி ஒத்தெல்லோவாக நடித்தார். 1801-இல் யாரை வெளியே நிறுத்தி ஷேக்ஸ்பியரை ஆடினரோ, அவருள் ஒருவர் 186 ஆண்டுகள் கழித்து அதே ஷேக்ஸ்பியரின் தலைமகனாக நின்றார். மொழி மாறவில்லை; நாடகாசிரியர் மாறவில்லை; வாயில் மாறிற்று!

இன்னொன்றும் காண்க. 1969-இல் ஃபுகார்டு எழுதிய ‘போஸ்மனும் லீனாவும்’ நாடகத்தின் மாந்தர் ஆப்பிரிக்கான்ஸ் பேசும் கலப்பின ஏழைகள். ஃபுகார்டு அவர்களை ஆங்கிலத்தில் பேச வைத்தார். ஆனால் அவ்வாங்கிலத்தினூடே ஆப்பிரிக்கான்ஸ் சொற்கள் மணலில் கிளிஞ்சல் போல் கிடக்கின்றன. அவர்தம் தாயே ஆப்பிரிக்கானர் குடியினர். 2025-இல் அவர் மறையும் வரை அவர் எழுத்தில் இரு மொழியும் ஒன்றையொன்று விடவில்லை. எந்த மொழி குற்றவாளி, எந்த மொழி விடுதலை வீரன் என்று இவரிடம் போய் எப்படிப் பிரிப்பீர்?

எதிர்வாதத்திற்கு விடை

‘1976 ஜூன் 16-ஐ மறந்தீரோ?’ என்று அன்பர் வினவலாம். மறக்கவில்லை. கருப்பின மாணவர் பாடங்களில் பாதியை ஆப்பிரிக்கான்ஸில் கற்க வேண்டும் என்னும் ஆணையை எதிர்த்து சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினர், துப்பாக்கிக்கு இரையாயினர். நிறஒதுக்கலைக் குறித்து உலகம் அறிந்த ‘அபார்ட்ஹெய்ட்’ என்னும் சொல்லே ஆப்பிரிக்கான்ஸ் சொல்தான். அம்மொழியை அப்பிள்ளைகள் வெறுத்ததில் வியப்பில்லை. அவ்வெறுப்பைக் குறை கூற எமக்கு உரிமையும் இல்லை.

ஆயினும், அவ்வாண்டே அக்கிளர்ச்சி கேப் பகுதிக்குப் பரவியபோது அங்கே தெருவில் நின்றவர் பலர் ஆப்பிரிக்கான்ஸைத் தாய்ப்பாலோடு பருகிய கலப்பின மாணவர் அல்லரோ? அவர்கள் தம் தாயை எதிர்த்தா போராடினர்? இல்லை. திணிக்கும் கையை எதிர்த்தனர். இன்று அம்மொழியைத் தாய்மொழியாக உடையோரில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர். ‘அது அடக்கியவர் மொழி’ என ஒரே வரியில் தீர்ப்பெழுதுவோர், அடக்கப்பட்ட அப்பெரும்பான்மையோரின் நாவையே மீண்டும் ஒருமுறை அறுக்கின்றனர். சிறையதிகாரி பேசிய மொழியைக் கைதியும் பேசினால், கைதியின் பாட்டும் குற்றமாகுமோ?

நம்மவர் கண்ட மேடை

இரு பெருமொழிகளுக்கும் இடையே நம் உறவினரும் அங்கே இருந்தனர். நேட்டால் தோட்டங்களில் தெருக்கூத்து ஆடினர். டர்பனின் கேட்டோ மேனரில் 1934-இல் பிறந்த ரோனி கோவெண்டர் 1970-களில் எழுதி நடத்திய நாடகமொன்று, ‘வெள்ளையரல்லாதார்’ மதுக்கூடம் ஒன்றில் நிகழ்வது. தோட்டத் தொழிலாளர் வழியினர் அன்றாடம் பேசும் கொச்சை ஆங்கிலமே அதன் மொழி. ‘லானி’ என்று அவர்கள் அழைக்கும் வெள்ளை முதலாளி அதில் தன் உண்மை உருவில் காணப்பட்டான். இலண்டன் ஆங்கிலமும் அன்று, சென்னைத் தமிழும் அன்று; ஆனால் அரங்கில் அமர்ந்தோர் தம் சித்தப்பனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் மேடையில் கண்டனர். மக்கள் திரண்டு வந்தனர். 2021-இல் கோவெண்டர் மறைந்தார். 1996-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் போற்றி மதிக்க வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. சட்டத்தில் ஏறிய மொழி நாவில் நிலைக்குமா என்பது, இத்தனை கண்ட பின், சட்டத்தைப் பொறுத்ததன்று என்பது தெளிவு.

நாம் செய்வது என்ன?

நிற்க. இப்போது நம் வாயிலுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அரங்கில் தமிழ் நாடகம். பெயர் வேண்டா, எந்நகரத்திலும் நிகழக்கூடியது. வாயிலில் ஒரு குடும்பம் நின்றது. கட்டட வேலைக்கு வந்தவர்கள், சேலத்துப் பக்கம். ஆடவன் தலையில் சுண்ணாம்புத் தூள். பெண்ணின் இடுப்பில் குழந்தை. “தமிழ்ச் சத்தம் கேட்டுச்சுங்க, அதான் வந்தோம்” என்றான். தொண்டர் இளைஞர், “அழைப்பிதழ் இருக்கிறதா?” என்றார். அவர்களுக்கு அச்சொல்லே விளங்கவில்லை. யாம் கையில் அழைப்பிதழோடு, மனைவி மக்கள் பின்தொடர, உள்ளே சென்றுவிட்டோம். பின்வரிசை இருக்கைகள் பல வெறுமையாகவே கிடந்தன.

மேடையில் நகைச்சுவைக் காட்சி. வேலைக்காரன் வேடம் பூண்டவர், “வந்துட்டேனுங்க, சாமி” என்று இழுத்துப் பேசினார். வாயிலில் நின்றவன் பேசிய அதே பேச்சு. அரங்கம் அதிரச் சிரித்தது. யாமும் சிரித்தோம். 1838-இல் கிரஹாம்ஸ்டவுனில் சிரித்தவர்க்கும் எமக்கும் அன்று என்ன வேற்றுமை? அவர்கள் சட்டம் வைத்து நிறுத்தினர். நாம் அழைப்பிதழ் வைத்து நிறுத்தினோம். கொடுமையின் அளவு மலையும் மடுவும், ஐயமில்லை. ஆனால் வாயில் வாயில்தான்.

நம் பிள்ளைகள் நிலை என்ன? சங்க நாடகத்தில் நடிக்க ஆசையோடு வரும் சிறுவன், இந்தி விரவிய தமிழ் பேசுகிறான் என்று திரைக்குப் பின்னே நிறுத்தப்படுகிறான்; திரை இழுக்கும் பணி தரப்படுகிறது. மறு ஆண்டு அவன் வருவதில்லை. ‘இளைய தலைமுறைக்குத் தமிழார்வம் இல்லை’ என்று நாம் தலையங்கம் எழுதுகிறோம். ஆடம் ஸ்மாலின் மொழியைக் கண்டு முகம் சுளித்தவர்க்கு 47 ஆண்டுகள் கழித்து அறிவு வந்தது. நமக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. ஒரு தலைமுறை கழிந்தால் சுளிப்பதற்கும் தமிழ் இராது.

ஆங்கிலம் நமக்குக் கேடயம் என்பதை யாம் மறுக்கவில்லை. நாள்தோறும் அலுவலகக் கோப்பில் அக்கேடயத்தைப் பிடித்தே பிழைக்கிறோம். ஆயினும் கேடயத்தைத் தெய்வமாக்க வேண்டா. பிறர் மொழியைப் பேயாக்கவும் வேண்டா. நம் தமிழ் மூத்தது, இனியது. அதனாலேயே நம் மேடை மாசற்றதாகிவிடாது. அதனைச் சரிபார்க்க ஒரே வினா போதும்: இன்று வாயிலில் நிற்பவர் யார்?

சங்கப் பெருமக்களிடம் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, அடுத்த ஆண்டு விழா நாடகத்தின் ஒரு காட்சிக்கேனும் அழைப்பிதழ் இன்றி யாவரும் வரலாம் என அறிவித்து, கட்டடத் தொழிலாளர் தங்கும் குடியிருப்புகளில் நேரிற் சென்று சொல்லுக. இரண்டாவது, சென்னையிலிருந்து வந்த பழைய கைப்பிரதியை ஆடுவதை ஓராண்டு நிறுத்தி, இந்நகரில் வாழும் தமிழர் வாழ்வை, அவர் பேசும் பேச்சிலேயே, நம்முள் ஒருவர் எழுதட்டும். நம் பிள்ளைகள் நடிக்கட்டும். இந்திச் சொல் விரவினால் விரவட்டும். மூன்றாவது, வேலைக்காரன் வேடத்தைச் சிரிப்புக்கென்று வைப்பதை விடுத்து, அவனுக்கும் ஒரு வீடு, ஒரு தாய், ஒரு துயரம் உண்டு என்று ஒரு காட்சியேனும் தருக.

இதற்கு மானியம் வேண்டா, மாளிகையும் வேண்டா. மாளிகையும் மானியமும் பெற்ற மேடைகள் எவ்வாறு நின்றன என்பதைக் கண்டோம். பழச்சந்தையில் திறந்த மேடை எவ்வாறு நின்றது என்பதையும் கண்டோம். அன்று வாயிலில் நின்ற அக்குடும்பம் எங்கே போயிற்றோ, யாம் அறியோம். வேலை முடிந்து வேறு நகரம் சென்றிருக்கலாம். அங்கும் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கும். ஒலிபெருக்கியில் தமிழ் கேட்கும். அவர்கள் மீண்டும் வாயில் வரை வருவர். அச்சங்கத்தாரேனும் அவர்களை உள்ளே அழைத்து அமர்த்துவாராக. நம் சங்கத்தார் இவ்வாண்டே அதனைத் தொடங்குவாராக.